ஒரு பருவம், ஒரே கை

வைரக்கண்ணு என்ற பெயரில் ‘வைர’ வரைக்கும் எழுதியாகிவிட்டது. அதற்கு மேல் சதீஷின் கை போகவில்லை.

பேனா முனை காகிதத்தில் ஊன்றியபடி நின்றது. பேனாவை இடுக்கியிருந்த கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் வெளுத்துப் போயிருந்தன. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை தசை கயிறு மாதிரி முறுக்கிக்கொண்டிருந்தது. யாரோ மேசையில் வைத்துவிட்டுப் போன பொருளைப் பார்ப்பதுபோல சதீஷ் தன் கையைப் பார்த்தான்.

“என்ன தம்பி, பேரு மறந்துடுச்சா? வைரக்கண்ணுங்க,” என்றார் எதிரே நின்ற வைரக்கண்ணு.

“பேரு ஞாபகம் இருக்குண்ணே. கைதான் வர மாட்டேங்குது.”

வரிசையில் அடுத்து நின்ற சித்தீக் எட்டிப் பார்த்தார். “தசை பிடிச்சுக்கிச்சு. மொதல்ல பேனாவை உருவுங்க.”

இரண்டு பேருமாக விரல் விரலாகப் பிரித்துப் பேனாவை உருவினார்கள். பேனா வந்துவிட்டது. விரல்கள் மட்டும் பேனா இன்னும் இருப்பதாக நினைத்துக்கொண்டு அப்படியே மடங்கி நின்றன.

கிழக்கே வானம் கறுத்திருந்தது.

இது நடந்தது நீடாமங்கலத்துக்குத் தெற்கே, வடபாதிக்கரையில், தானிய வரவு வாரியத்தின் நெல் கொள்முதல் நிலையத்தில். சம்பா அறுவடை முடிந்து களம் முழுக்க நெல் குவியல் குவியலாகக் கிடந்தது. வைரக்கண்ணுவின் நெல்லைத் தூற்றியாகிவிட்டது. ஈரம் பார்த்தாகிவிட்டது, தேறிவிட்டது. பாக்கி, நிலைய எழுத்தரான சதீஷ் எழுத வேண்டிய வரவுச் சீட்டு மட்டும். சீட்டு எழுதும் வரை நெல் வைரக்கண்ணுவுடையது. எழுதிக் கிழித்துக் கையில் கொடுத்துவிட்டால் வாரியத்துடையது. அதற்குள் மழை பெய்து நனைந்தால், ஈரம் ஏறிவிட்டது, காயவைத்துக் கொண்டுவா என்று திருப்பிவிடுவார்கள். மேகம் மூடிக் கிடக்கும்போது எங்கே காயவைப்பது என்று வாரியத்தின் விதிகளில் சொல்லப்படவில்லை. குத்தகை நிலம். வைரக்கண்ணுவும் அவர் மனைவி காத்தாயியும் ஒரு போகம் முழுக்கப் பட்ட பாடு அந்தக் குவியலில் இருந்தது.

“தம்பிக்கு முடியலேன்னா வேற யாராச்சும் எழுதலாமுல்ல? நானே எழுதறேன். ஸ்கூல்ல என் எழுத்து நல்லாருக்கும்,” என்றாள் காத்தாயி.

சதீஷ் சுவரைக் காட்டினான். சுவரில் பச்சைப் பெயின்ட்டில் எழுதியிருந்தது: ‘ஒரு நிலையம், ஒரு பருவம், ஒரே கையெழுத்து.’

போன பருவத்தில் ஏதோ ஒரு நிலையத்தில் இரண்டு பேர் மாறி மாறிச் சீட்டு எழுதினார்களாம். தணிக்கைக்கு வந்தவர் கையெழுத்து மாறியிருப்பதைக் கண்டு, நெல்லும் மாறியிருக்குமோ என்று சந்தேகப்பட்டார். மாறவில்லை. ஆனால் சந்தேகப்பட இடம் இருந்ததே பெரிய குற்றம் என்று வாரியம் முடிவு செய்தது. அன்றிலிருந்து ஒரு நிலையத்துக்கு ஒரு கை. பில் போடும் மெஷினும் உண்டு. மெஷினில் ஏற்றுவதற்கு முன் கையால் எழுத வேண்டும். ஏற்றியபின் மெஷின் சொல்வது சரிதானா என்று கையால் எழுதிச் சரிபார்க்க வேண்டும்.

“ரொம்ப நாளா இருக்கா தம்பி?” என்று காத்தாயி கேட்டாள்.

“பொங்கல்லேருந்தே வலிக்குதுக்கா. எழுத்து எறும்பு மாதிரி சின்னதாயிட்டே வந்துச்சு. மன்னார்குடியில நூர்ஜஹான்னு ஒரு பிசியோதெரபி டாக்டரம்மா, அவங்ககிட்ட காட்டினேன். பேனாவை நெரிக்காதீங்க, கொஞ்சம் எழுதினதும் நிறுத்திக் கையை நீட்டி மடக்குங்க, தடிப்பா பேனா வாங்குங்க, ராத்திரி வெந்நீர்ல வைங்கன்னாங்க.”

“அப்புறம் ஏன் நெரிக்கிறீங்க?”

“அஞ்சு பிரதிக்கா. நாலு கார்பன். அழுத்தலேன்னா அஞ்சாவதுல ஒண்ணும் தெரியாது.”

“தடிப்பு பேனா?”

“வாரியம் குடுக்கற பேனாவுலதான் எழுதணும். அதுல துணி சுத்திப் பார்த்தேன். அரசுப் பொருளை உருமாற்றினதுக்கு விளக்கம் கேட்டு மெமோ வந்துச்சு. விளக்கமும் அதே பேனாவுலதான் எழுதினேன்.”

சித்தீக் சிரித்துவிட்டார். வைரக்கண்ணு சிரிக்கவில்லை. காற்று திரும்பியிருந்தது. கிழக்கேயிருந்து வந்த காற்றில் ஈர வாடை இருந்தது.

சதீஷ் இடது கையால் போனை எடுத்து மண்டல அலுவலகத்துக்குப் பேசினான். மண்டல மேலாளர் பிரகதாம்பாள் எடுத்தார். எல்லோருக்கும் கேட்கட்டும் என்று சதீஷ் ஸ்பீக்கரைப் போட்டான்.

“கை பிடிச்சுக்கிச்சா? சரி, எழுத்துல குடுங்க.”

“மேடம், எழுதத்தான் வரல.”

“அதைத்தான் எழுதுங்க. சொந்தக் கையெழுத்துல இருக்கணும்.”

“இடது கையில எழுதட்டுங்களா?”

மறுமுனையில் காகிதம் புரளும் சத்தம் கேட்டது. “உங்க நியமன ஆணையில இடது கை இல்லையே சதீஷ்.”

டீக்கடையிலிருந்து வெந்நீர் வந்தது. அதில் கையை வைப்பதும் எடுப்பதும் எழுதுவதுமாகப் பொழுது சாயும்வரை உட்கார்ந்து சதீஷ் ஒரு விண்ணப்பத்தை முடித்துப் படம் எடுத்து அனுப்பினான். உடனே பதில் வந்தது: ‘தங்கள் விண்ணப்பம் தெளிவாக இல்லை. கை வலி உள்ளவர் எழுதியதுபோல் உள்ளது. தெளிவாக எழுதி அனுப்பவும்.’

பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொன்று எழுதினான். இந்த முறை எழுத்து மணி மணியாக இருந்தது. கண்ணில் நீர் மட்டும் வந்துவிட்டது. அதற்கும் பதில் வந்தது: ‘இவ்வளவு தெளிவாக எழுத முடிகிறவருக்குக் கை வலி என்பது ஐயத்துக்குரியது. நாளை நேரில் ஆய்வு செய்யப்படும். அதுவரை வரவுச் சீட்டு எழுதுவது நிறுத்திவைக்கப்படுகிறது.’

“அப்ப ரெண்டு விண்ணப்பம் எழுதின நேரத்துக்கு நம்ம சீட்டை எழுதியிருக்கலாம்,” என்றார் சித்தீக்.

வைரக்கண்ணு தன் குவியலுக்குப் போனார். நெல்லை மூடியிருந்த நிலையத்துப் படுதாவின் ஓரங்களை இழுத்துக் குவியலுக்கு அடியில் செருகினார். விவசாயிகள் சொந்தப் படுதா கொண்டுவரக் கூடாது. கொண்டுவந்தால் நிலையத்துப் படுதா எது, ஊரார் படுதா எது என்று இருப்புக் கணக்கு குழம்பிவிடும். ஆகவே களத்தில் இருந்ததெல்லாம் வாரியத்துப் படுதாதான். நல்ல தடிமனான படுதா. அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

காலையில் ஜீப் வந்தது. பிரகதாம்பாள் இறங்கினார். பின்னாலேயே வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவரும் இறங்கினார். அவர் பெயர் இராஜாங்கம். வாரியத்தின் எழுத்து நல ஆலோசகர். நெல் வாங்கும் வாரியத்துக்கு எழுத்து நல ஆலோசகர் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. அவர் முகத்தில் இருந்த அமைதி கேட்க விடவில்லை.

சதீஷின் கையை மேசைமேல் வைக்கச் சொன்னார்கள். முன்பக்கம் ஒரு படம், பின்பக்கம் ஒரு படம், அளவுக்கு ஸ்கேலை ஒட்டி வைத்து ஒரு படம். இராஜாங்கம் கண்ணை மூடிக்கொண்டு அந்தக் கையைத் தன் இரண்டு கைகளுக்கு நடுவே வைத்திருந்தார்.

“வலது,” என்றார்.

பிரகதாம்பாள் தலையசைத்தார். அலுவலக மின்விசிறிகளுக்கும் தராசுகளுக்கும் கட்டுகிற மாதிரி ஓர் அட்டையைச் சதீஷின் மணிக்கட்டில் நூலால் கட்டினார்கள். அட்டையில் ‘பழுது. பயன்படுத்தக் கூடாது’ என்று இருந்தது.

“மேடம், சாப்பிடறதுக்கு...?”

“அலுவலக நேரம் முடிஞ்சு சாப்பிடுங்க. அது உங்க சொந்த உபயோகம்.”

வைரக்கண்ணு துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னால் வந்தார். “அம்மா, மழை வரும்போல இருக்குங்க. என் பேருல பாதி எழுதியாச்சு. மிச்சத்தை நீங்களாச்சும் போட்டுக் குடுத்தீங்கன்னா...”

“பாதி எழுதினது யார் கை?”

“தம்பி கை.”

“மிச்சம் என் கைன்னா, ஒரே பேருல ரெண்டு கையெழுத்து ஆகும். பாதி வைரக்கண்ணு ஒருத்தர், மீதி வைரக்கண்ணு இன்னொருத்தர்னு தணிக்கையில சொல்லுவாங்க. நீங்க எந்தப் பாதின்னு நிரூபிப்பீங்க?”

வைரக்கண்ணு யோசித்துப் பார்த்தார். உண்மையிலேயே அவருக்குத் தெரியவில்லை.

அந்த நேரம் காத்தாயியின் போன் அடித்தது. கோடியக்கரையில் உப்பளத்தில் வேலை பார்க்கிற அவள் தங்கை. “அக்கா, இங்க ஊத்து ஊத்துனு ஊத்துது. பாத்தி கட்டின உப்பெல்லாம் கரையுது. அந்தப் பக்கம்தான் வருது, நெல்லைப் பாத்துக்க.”

காத்தாயி புருஷனைப் பார்த்தாள். அவர் வானத்தைப் பார்த்தார்.

பிரகதாம்பாள் ஓர் அறிவிப்பை வாசித்தார். இந்தக் கைப் பிடிப்பைத் தனி ஒருவரின் வலியாக வாரியம் பார்க்கவில்லை. ஒரு பாடமாகப் பார்க்கிறது. ஆகவே ‘நீண்ட நேரம் எழுதுவதால் வரும் கைப் பிடிப்பும் அதன் மேலாண்மையும்’ என்ற தலைப்பில் இங்கேயே, இப்போதே பயிலரங்கம். பயிலரங்கம் முடிந்ததும் சதீஷின் கை மறுஆய்வு செய்யப்பட்டு, தேறினால் சீட்டு எழுதலாம். விவசாயிகள் எல்லோரும் கலந்துகொள்ள வேண்டும். கலந்துகொள்ளாதவர்கள் வரிசையின் கடைசிக்குப் போவார்கள்.

“எங்க கைக்கு என்னம்மா? நாங்க எழுதறதே இல்லையே,” என்றார் சித்தீக்.

“வராம தடுக்கறதுதான் மேலாண்மை.”

பயிலரங்கத்துக்குப் பந்தல் வேண்டும். பந்தல்காரர் திருவாரூரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். பிரகதாம்பாள் களத்தைச் சுற்றிப் பார்த்தார். பிறகு கையை நீட்டினார்.

மூட்டை தூக்குகிறவர்கள் தயங்கித் தயங்கி வந்து, நெல் குவியல்களின் மேலிருந்த படுதாக்களை உருவினார்கள். மூங்கிலை நட்டு, படுதாக்களை ஒன்றோடொன்று கட்டி, நாற்காலிகளுக்கு மேலே நிழல் போட்டார்கள். நெல் வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தது.

“அம்மா, இது நெல்லு மேல போடறதுங்க,” என்றார் வைரக்கண்ணு.

“நிகழ்ச்சி முடிஞ்சதும் அது அது இருந்த இடத்துல போட்டுடுவோம். எந்தப் படுதா எந்தக் குவியல்னு குறிச்சு வச்சிருக்கோம். கவலையே படாதீங்க.”

முதலில் இராஜாங்கம் பேசினார். “கை என்பது என்ன? மனத்தின் கிளை அலுவலகம். தலைமை அலுவலகத்தில் பதற்றம் இருந்தால் கிளையில் வேலை நிற்கும். நான் எழுதுகிறேன் என்று நினைத்து எழுதுகிறவனுக்குத்தான் வலிக்கிறது. எழுதப்படுகிறது என்று நினைத்துப் பாருங்கள்; வலி வேறு யாருக்கோ போய்விடும்.”

“யாருக்குங்க போகும்?” என்று வைரக்கண்ணு உண்மையான சந்தேகத்தோடு கேட்டார்.

இராஜாங்கம் புன்னகை செய்தார். எல்லோரையும் கையை நீட்டச் சொன்னார். தாமரை மலர்கிறது என்றதும் விரல்களை விரிக்க வேண்டும். தாமரை கூம்புகிறது என்றதும் மடக்க வேண்டும். நாற்று நட்டும் களை பறித்தும் காய்த்துப்போன விரல்கள் காற்றில் மலர்ந்து கூம்பின. காத்தாயி விரலை விரிக்கும்போதெல்லாம் வானத்தைப் பார்த்தாள். மடக்கும்போதெல்லாம் நெல்லைப் பார்த்தாள். மன்னார்குடிப் பக்கம் இடி உருண்டது.

சதீஷை மட்டும் மலரக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அவன் கை மறுஆய்வுக்கு உரியது. அதனால் அது மடியில் சும்மா கிடந்தது. பருவம் தொடங்கியதிலிருந்து அலுவலக நேரத்தில் அது சும்மா இருப்பது அதுதான் முதல் தடவை. சற்று நேரத்தில் கட்டைவிரல் தானாகத் தளர்ந்தது. பிறகு மற்ற விரல்களும் ஒவ்வொன்றாக விட்டுக்கொடுத்தன. சதீஷ் காத்தாயியின் பக்கம் சாய்ந்து, மெதுவாக விரல்களை விரித்துக் காட்டினான்.

“சரியாப் போச்சா?”

“வலி இருக்கு. ஆனா எழுதலாம்க்கா.”

“அப்ப எழுதுங்க தம்பி, உங்களுக்குப் புண்ணியமாப் போவும்.”

சதீஷ் எழுந்தான். “மேடம், கை விட்டுடுச்சு. இவங்க சீட்டை மட்டும் போட்டுடறேன்.”

“உட்காருங்க. கை சரியாயிடுச்சான்னு நீங்க சொல்ல முடியாது. என் உரை, நன்றியுரை, கருத்துப் படிவம், அப்புறம் மறுஆய்வு.” பிரகதாம்பாள் ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

“விவசாயப் பெருமக்களே! நீங்கள் மழையைப் பார்த்து அவசரப்படுகிறீர்கள். வாரியம் இதுவரை எந்த மழைக்கும் அவசரப்பட்டதில்லை. நெல் இன்று வரும், நாளை போகும். பதிவேடு நிலைத்து நிற்கும். நான் பெருமையோடு சொல்வேன்: நம் மண்டலத்தில் நெல் நனைந்திருக்கிறது, நெல் முளைத்திருக்கிறது, ஒரு வருடம் நெல் வாய்க்காலோடு போயும் இருக்கிறது. ஆனால் ஒரே ஒரு பதிவேட்டில்கூட ஒரு சொட்டு தண்ணீர் பட்டதாக வரலாறு கிடையாது!”

மூட்டை தூக்குகிறவர்கள் பழக்கத்தில் கை தட்டினார்கள்.

“அம்மா, ஒரு சந்தேகம்,” என்று வைரக்கண்ணு எழுந்தார். “அந்த அஞ்சாவது பிரதியாலதான் தம்பி கையை அழுத்துது. அது எங்கங்க போவுது?”

“நல்ல கேள்வி. மத்த நாலு பிரதியும் சரியா போய்ச் சேர்ந்துச்சான்னு பார்க்கறதுக்குத்தான் அஞ்சாவது.”

“யாருங்க பாக்குறா?”

“பார்க்க வேண்டிய அவசியம் வந்தா பார்ப்பாங்க. இதுவரைக்கும் வரல. அதுவே அஞ்சாவது பிரதியோட வெற்றி.” அவர் சற்று நிறுத்தி யோசித்தார். “இனிமே கைப் பிடிப்பைக் கண்காணிக்க ஆறாவது பிரதி ஒண்ணும் பரிந்துரை பண்ணப்போறேன்.”

முதல் துளி படுதாவின் மேல் பட்டென்று விழுந்தது.

எல்லோரும் மேலே பார்த்தார்கள். அடுத்தடுத்துச் சொட்டுகள். களத்தில் நெல்லின் மேல் கறுப்புப் புள்ளிகள் தோன்றின. வைரக்கண்ணு ஓடினார். வேட்டியை அவிழ்த்துப் போர்த்தலாமா என்று ஒரு கணம் நின்றார். குவியல் பெரிது, வேட்டி சிறிது.

“யாரும் எழுந்திருக்கக் கூடாது! கருத்துப் படிவம் குடுத்துட்டுத்தான் போகணும்!” ஒலிபெருக்கி சொன்னது.

“ஏங்க, என்ன பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? அவுருங்க!” என்று காத்தாயி கத்தினாள். அவளே முதலில் போய் ஒரு மூங்கிலைப் பிடித்து உலுக்கினாள்.

வைரக்கண்ணு திரும்பி வந்து முடிச்சில் கை வைத்தார். சித்தீக் மறுபக்கம் ஏறினார். பிறகு யார் யார் என்று சொல்ல முடியாது. களத்தில் நெல் வைத்திருந்த எல்லோரும் பந்தலில் இருந்தார்கள். படுதாக்கள் படபடவென்று இறங்கின. பெண்கள் ஒரு முனை, ஆண்கள் ஒரு முனை என்று இழுத்துக்கொண்டு ஓடினார்கள். எந்தப் படுதா எந்தக் குவியல் என்று குறித்துவைத்திருந்ததை யாரும் கேட்கவில்லை. மழை அடித்து இறங்கியபோது நெல் மூடியிருந்தது. பிரகதாம்பாளும் இராஜாங்கமும் நாற்காலிகளும் திறந்திருந்தார்கள்.

மழைத் தண்ணீர் வழிய, பிரகதாம்பாள் அலுவலக வாசலுக்கு ஓடி வந்து நின்றார். “சதீஷ்! எழுதுங்க புகார். வாரியத் தளவாடங்களை வைரக்கண்ணு என்பவர் தலைமையில் பலவந்தமாகக் கைப்பற்றினார்கள்னு. ஸ்டேஷனுக்கு இப்பவே போகணும். இந்த ஆளோட நெல்லை இந்தப் பருவம் இல்ல, எந்தப் பருவமும் வாங்கக் கூடாது.”

வைரக்கண்ணு படுதாவின் முனையைப் பிடித்தபடி மழைக்குள் நின்று இதைக் கேட்டார். காத்தாயி அவர் பக்கத்தில் வந்து நின்றாள்.

சதீஷ் மேசைக்குப் போனான். காகிதத்தை எடுத்தான். கார்பன் செருகினான். பேனாவை எடுத்து விரல்களுக்கு நடுவே வைத்தான். ‘அனுப்புநர்’ என்பதில் ‘அ’ வந்தது. விரல்கள் மெல்ல மடங்கின. மணிக்கட்டு உள்பக்கமாகத் திரும்பியது. முழங்கை வரை கயிறு முறுக்கியது.

“வரல மேடம்.”

“என்ன வரல? இப்பத்தானே சரியாயிடுச்சுன்னீங்க!”

“அதை நான் சொல்ல முடியாதுன்னீங்களே மேடம்.”

இராஜாங்கம் சட்டையைப் பிழிந்துகொண்டே முன்னால் வந்தார். “நான் எழுதட்டுமா மேடம்? எனக்கு எழுத்து...”

“நீங்க எப்படி எழுதுவீங்க? இந்த நிலையத்துக் காகிதத்துல வேற கையெழுத்து விழலாமா?” என்று பிரகதாம்பாள் சீறினார். சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே கேட்டது. சுவரைப் பார்த்தார். பச்சைப் பெயின்ட் மழைச் சாரலில் பளபளத்தது.

“கையைக் காட்டுங்க.”

சதீஷ் நீட்டினான். அது பருந்தின் கால்போல வளைந்திருந்தது. இராஜாங்கம் அதைத் தொட்டுப் பார்த்து, கண்ணை மூடித் திறந்தார். தன் பயிலரங்கம் தோற்றது என்று சொல்வதா, கை நடிக்கிறது என்று சொல்வதா என்ற குழப்பம் அவர் முகத்தில் ஒரு நொடி ஓடியது. நடிக்கும் கையைக் காலையிலேயே கண்டுபிடிக்கத் தெரியாதவர் என்று பெயர் வாங்குவதைவிடத் தீராத நோயைச் சந்தித்தவர் என்று பெயர் வாங்குவது மேல் என்று அவர் தீர்மானித்திருக்க வேண்டும்.

“முற்றிய நிலை,” என்றார். “ஓய்வு தேவை.”

“கை சரியான உடனே முதல் வேலையா புகாரை எழுதி அனுப்பணும்,” என்றார் பிரகதாம்பாள்.

“சரிங்க மேடம். எழுத்துலேயே அனுப்பறேன்.”

ஜீப் சேற்றை வாரி இறைத்துக்கொண்டு போயிற்று. அது வாய்க்கால் பாலத்தைத் தாண்டும் வரைக்கும் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“தம்பி,” என்றாள் காத்தாயி மெதுவாக. “கை நெசமாவே...?”

சதீஷ் மணிக்கட்டு அட்டையை மேலே தள்ளிவிட்டு, சீட்டுப் புத்தகத்தையும் பேனாவையும் சட்டைக்குள் செருகிக்கொண்டு மழையில் இறங்கி ஓடி வந்தான். வைரக்கண்ணுவின் படுதாவைத் தூக்கி, குவியலின் ஓரமாகக் குனிந்து உட்கார்ந்தான்.

“இந்த ஓரத்தைத் தூக்கிப் பிடிங்கக்கா, பேப்பர்ல சொட்டுது. அண்ணே, பேரு சொல்லுங்க.”

“அதான் தெரியுமே தம்பி.”

“புதுச் சீட்டுண்ணே. மொதல்லேருந்து சொல்லுங்க.”

வைரக்கண்ணு சொன்னார். சதீஷ் நெரிக்காமல், அழுத்தாமல், பேனாவை விரல்களுக்கு நடுவே லேசாக வைத்துக்கொண்டு எழுதினான். நடுவில் ஒருமுறை நிறுத்திக் கையை நீட்டி மடக்கினான். மறுபடி எழுதினான். கிழித்துக் கொடுத்தான்.

வைரக்கண்ணு சீட்டை ஒரு கையால் வாங்கி மடியில் செருகிக்கொண்டார். இன்னொரு கை படுதாவின் முனையை விடவில்லை. மழை பெய்துகொண்டே இருந்தது.

“அண்ணே, சீட்டு போட்டாச்சு. இனிமே இது வாரியத்து நெல்லு. நனைஞ்சா அவங்க பாடு. விட்டுட்டு உள்ள போய் ஒதுங்குங்க.”

வைரக்கண்ணு குனிந்து, படுதாவின் ஓரத்தைக் குவியலுக்கு அடியில் இன்னும் ஆழமாகச் செருகி, அதன்மேல் காலை ஊன்றிக்கொண்டார்.

“சித்தீக் பாய் சீட்டை எழுதுங்க தம்பி. இந்த மூலையை நான் பாத்துக்கறேன்.”